வழித்துணையின்றிப் போகும் நம் பிள்ளைகள்

“பார்த்துப் போ, வாப்பா!”

நம் வீட்டுத் தாய்மார் பிள்ளைகளை வாசலுக்கு வெளியே விட்டு, கதவை ஒருக்களித்துக்கொண்டு சொல்லும் சொல் இது. அதிகாலையில் குர்ஆன் ஓதப் போகும் பிள்ளைக்கும் இதுவே சொல். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் இதுவே சொல். மூலைக் கடையில் சீனியும் தேயிலையும் வாங்கிவர அனுப்பப்படும் ஐந்து வயதுச் சிறுமிக்கும் இதுவே சொல். அச்சொல்லில் அன்பு உண்டு, துஆவும் உண்டு. ஆனால், பிள்ளையின் கையைப் பற்றி அழைத்துச் செல்லும் ஒரு கை அதில் இல்லை. அந்தக் கை ஏன் இல்லை என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தேன். கேள்வி சிலருக்குக் கசக்கும். கசப்பு மருந்துக்கு உரியதுதானே என்று அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பார்த்துப் போ என்கிறோம். பிள்ளை பார்க்கத்தான் செய்கிறது. வலப்பக்கமும் இடப்பக்கமும் தலையைத் திருப்புகிறது. ஆயினும் பார்ப்பது வேறு, கணிப்பது வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆறு வயதுப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடைத்தெரு ஓரத்தில் ஓர் ஆட்டோ நின்றால் போதும்; அதற்கு அப்பால் வருவது எதுவும் பிள்ளைக்குத் தெரியாது; வண்டியோட்டி வருகிறவனுக்கும் பிள்ளை தெரியாது. இது கண்ணின் உயரத்தால் வரும் குறை. அறிவின் பருவத்தால் வரும் குறை இதைவிடப் பெரிது. வருகிற வண்டி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை அளவிட, அதன் உருவம் கண்ணில் எவ்வளவு விரைவாகப் பெரிதாகிறது என்பதை மூளை கணித்தாக வேண்டும். இந்த ஆற்றல் வளர்ந்தவர்களிடம் இருக்கும் அளவுக்குத் தொடக்கப் பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளிடம் இல்லை என்று லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011இல் எழுதினார்கள். மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் வரும் வண்டி, நடந்து கடக்கப்போகும் சிறு பிள்ளையின் கண்ணுக்கு நெருங்கி வருவதாகவே புலப்படாமல் போகலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. பிள்ளை பார்த்தது. வண்டி தூரத்தில் நிற்பதுபோலத் தோன்றியது. காலை எடுத்து வைத்தது. அதற்கு மேல் அந்தப் பிள்ளையிடம் என்ன குற்றம் காண்பீர்கள்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு மீட்டர் அகலமுள்ள சாலையைக் கடக்கச் சிறு பிள்ளைக்கு ஆறு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அந்த ஆறு விநாடியில் 100 மீட்டர் வந்துவிடும். ஓட்டுகிறவன் பிள்ளையைக் கண்டு, திடுக்கிட்டு, பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்துவதற்குள், காய்ந்த நல்ல சாலையிலும் 36 மீட்டரளவு உருண்டுவிடும். அதே வண்டி 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 13 மீட்டரில் நின்றுவிடும். வேகம் ஒரு மடங்கு கூடினால் நிற்கும் தூரம் ஒரு மடங்கோடு நிற்பதில்லை. ஏறத்தாழ மூன்று பங்காகிவிடுகிறது. இந்தக் கணக்கை ஐந்து வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றிவிட்டு, “பார்த்துப் போ” என்று கதவைச் சாத்துகிறோம். இப்போது மின்சார ஸ்கூட்டர்கள் வேறு வந்துவிட்டன. இரைச்சல் கேட்டு ஒதுங்குவதற்கும் வழியில்லை.

ஸ்வீடன் நாட்டு உளவியல் அறிஞர் ஸ்டினா சாண்டெல்ஸ் என்ற அம்மையார் 1960களிலேயே இதை ஆராய்ந்து எழுதினார். சிறு பிள்ளைகளை எவ்வளவு பயிற்றினாலும் போக்குவரத்துக்கு ஈடுகொடுப்பவர்களாக ஆக்கிவிட முடியாது. போக்குவரத்தைத்தான் பிள்ளைகளுக்கு ஏற்ப அமைக்க வேண்டும் என்பது அவர் வந்தடைந்த முடிவு. அறுபதாண்டு ஆகிறது. நமக்கு இன்னும் வந்து சேரவில்லை.

பிள்ளைகள் இறக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு எண்களைச் சொல்கிறேன். ஒன்றிய அரசின் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நடந்து சென்றவர்கள் 32,825 பேர். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்கள் 9,528 பேர். நாளொன்றுக்கு 26 பிள்ளைகள். அவ்வாண்டில் நாட்டிலேயே மிகுதியான விபத்துகள் பதிவான மாநிலம் நம் தமிழ்நாடு, எண்ணிக்கை 64,105. ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதற் காரணம் சாலை விபத்தே என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. காலராவும் அல்ல, காய்ச்சலும் அல்ல. பிள்ளைக்கு ஒரு நாள் உடம்பு சுட்டால் ஊதிப்பார்க்கவும், மருத்துவரிடம் ஓடவும், தர்மம் செய்யவும் அறிந்திருக்கிற நாம், நாள்தோறும் நான்கு முறை அப்பிள்ளையைச் சாலையில் தனியே விடுவதை ஓர் ஆபத்தென்று எண்ணுவதுகூட இல்லை.

“நாங்களெல்லாம் தனியாகப் போகவில்லையா? எங்களுக்கு என்ன நேர்ந்துவிட்டது?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வியைத் திண்ணையிலும் கேட்டிருக்கிறேன், ஜமாஅத் கூட்டத்திலும் கேட்டிருக்கிறேன். முதலாவதாக, நேர்ந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க இன்று உயிரோடு இல்லை. இரண்டாவதாக, நீங்கள் போன பாதை இன்று இல்லை. அன்று கடற்கரை ஊர்களின் தெருக்களில் மாட்டு வண்டியும் சைக்கிளும் போயின; எப்போதாவது ஒரு பேருந்து வரும்; வந்தால் ஊரே வேடிக்கை பார்க்கும். இன்று அதிராம்பட்டினத்தையும் முத்துப்பேட்டையையும் தொண்டியையும் தொட்டுக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. ஆம்பூரையும் வாணியம்பாடியையும் ஊடுருவிச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை போகிறது. ஊர் ஒரு பக்கம், பள்ளிக்கூடம் மறு பக்கம். பள்ளிவாசல் ஒரு பக்கம், குடியிருப்பு மறு பக்கம். நெடுஞ்சாலை போடுகிறவர்கள் நம் மஹல்லாவின் எல்லையைக் கேட்டுப் போடுவதில்லை. பாதை மாறியபின் பழைய வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருப்பது, கிணறு தூர்ந்தபின் வாளியைக் கட்டியிழுப்பது போன்றது.

வேறு நாட்டாரும் இதே மாற்றத்தைக் கண்டார்கள். இங்கிலாந்தில் 1971ஆம் ஆண்டு ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேர் தாமாகவே பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அப்படிப் போனவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேரே. இந்தக் கணக்கை எடுத்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சாலைகளை வண்டிகளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுப் பிள்ளைகளின் சுதந்திரத்தைப் பறித்தோமே என்று வருந்தித்தான் சொன்னார்கள். அவர்கள் வருத்தத்தில் நியாயம் உண்டு. பிள்ளையை வீட்டுக்குள் பூட்டி வளர்க்கச் சொல்லுவது என் நோக்கமன்று. ஆனால் அவர்கள் பெற்றோர், சாலை கெட்டது என்று தெரிந்தவுடன் கையைப் பிடித்தார்கள். நமக்குச் சாலையும் கெட்டது, கையும் இல்லை.

“ஜப்பானில் ஆறு வயதுப் பிள்ளைகள் தனியே பள்ளிக்குப் போகிறார்களாமே?” என்று அண்மையில் ஒரு படித்த இளைஞர் என்னிடம் வாதாடினார். கைப்பேசியில் படமும் காட்டினார். போகிறார்கள், உண்மைதான். எப்படிப் போகிறார்கள் என்பதையும் படத்தில் பார்த்திருக்கலாம். பல ஊர்களில் கூட்டமாகப் போகிறார்கள். பன்னிரண்டு வயதை எட்டும் மேல்வகுப்பு மாணவர் முன்னும் பின்னும் நடக்கிறார். தூரத்திலேயே தெரியும்படி சிறார் தலையில் மஞ்சள் தொப்பி. கடக்கும் இடங்களில் பெற்றோரும் முதியோரும் கொடி பிடித்து நிற்கிறார்கள். அந்நாட்டிலும் 1970ஆம் ஆண்டில் 16,765 பேர் சாலையில் மாண்டார்கள். அதைப் போர் என்றே அவர்கள் அழைத்தார்கள். போரிட்டுத்தான் 2023இல் அந்த எண்ணை 2,678 ஆகக் குறைத்தார்கள். அங்கே தனியே போகிற பிள்ளைக்கு ஊர் முழுவதும் துணை நிற்கிறது. நம் ஊரில் தனியே போகிற பிள்ளை மெய்யாகவே தனியே போகிறது.

இனி, எல்லாவற்றிற்கும் மேலான பதில் ஒன்று நம்மிடம் இருக்கிறது. “அல்லாஹ் காப்பாற்றுவான்.” ஈமானுள்ள எவரும் இதை மறுக்கப் போவதில்லை. ஆனால் தவக்குல் என்ற பெயரால் சோம்பலை மறைப்பதை மறுத்தேயாக வேண்டும். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்ட மனிதருக்கு, முதலில் அதைக் கட்டு, பிறகு நம்பிக்கை வை என்ற பொருளில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்ததைத் திர்மிதீ இமாம் பதிவு செய்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 17, 18ஆம் ஆண்டுகளை ஒட்டி ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் பரவியபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் நோயுள்ள ஊருக்குள் போகாமல் ஸர்க் என்னும் இடத்திலிருந்து படையோடு திரும்பினார்கள். இறைவன் விதித்ததிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) கேட்டபோது, இறைவனின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியின்பால்தான் போகிறோம் என்று விளக்கினார்கள். ஒட்டகத்துக்குக் கயிறு வேண்டும். படைக்கு விலகிநிற்றல் வேண்டும். பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் வேண்டாமா?

வேறொன்றையும் இங்கே நினைவூட்ட விரும்புகிறேன். இருள் கவியும் நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடாமல் தடுத்துக்கொள்ளும்படியும், சிறிது நேரம் கழிந்தபின் விடும்படியும் அண்ணலார் (ஸல்) பணித்தது புகாரீயிலும் முஸ்லிமிலும் வந்துள்ளது. அந்த ஏவலுக்கு ஹதீஸில் சொல்லப்பட்ட காரணம் வேறு. அதைச் சாலை விபத்துக்கான சட்டமாக நான் திரிக்கவில்லை. ஆனால் பிள்ளை எந்நேரத்தில் வெளியே நிற்கிறது என்பது பெரியவர்கள் கவனிக்க வேண்டிய காரியம் என்ற உணர்வு அதில் தெளிவாக இருக்கிறது. நாமோ மஃரிபுக்குப் பிறகுதான் மக்தபை விட்டுச் சின்னஞ்சிறுவர்களைக் கும்பலாகக் கடைத்தெருவில் கொட்டுகிறோம்.

ஏழு வயதில் தொழச் சொல்கிறோமே, அந்த வயதில் சாலையைக் கடக்கத் தெரியாதா என்று ஒரு மௌலவி நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, ஃபிக்ஹு படித்தவர் கேட்கக்கூடிய கேள்வி. ஃபிக்ஹிலிருந்தே விடை சொல்வோம். தம்யீஸ், அதாவது நன்மை தீமை பிரித்தறியும் பருவம், என்று நம் இமாம்கள் எதைக் குறித்தார்கள்? பிள்ளை தானே உண்ணவும், தானே பருகவும், தானே சுத்தம் செய்துகொள்ளவும் அறிவதை. லாரியின் வேகத்தை அளப்பதை அவர்கள் அதில் சேர்க்கவில்லை. இன்னும் கேளுங்கள். அநாதையின் சொத்தை அவன் கையில் கொடுக்குமுன் அவனைச் சோதித்துப் பார்க்கும்படி அந்நிஸா அத்தியாயம் கட்டளையிடுகிறது. அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில் விவரிக்கிறார்கள். வணிகன் மகனை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். உழவன் மகனை உழவுக் காரியத்தில் சோதிக்க வேண்டும். ஒரு முறை போதாது, இரண்டு முறையோ அதற்கு மேலோ சோதிக்க வேண்டும். சோதனை பருவமடைவதற்கு முன்பே நிகழ வேண்டும். அப்படிச் சோதிக்கும்போதும், பேரம் பேசுவது மட்டுமே பிள்ளையுடையது. ஒப்பந்தத்தை முடிப்பது வலீயின் வேலை என்பதே சரியான கருத்தாக அங்கே சொல்லப்படுகிறது.

நான்கு காசுச் சொத்துக்கு இத்தனை சோதனை, இத்தனை படி, பக்கத்திலேயே ஒரு பொறுப்பாளர். சொத்து போனால் மீண்டும் சம்பாதிக்கலாம். உயிரைக் கையில் கொடுத்து அனுப்புகிறோமே, எத்தனை முறை சோதித்தோம்?

அதே மின்ஹாஜில், இழப்பீட்டைப் பற்றிய பகுதியில், ஒரு சட்டம் வருகிறது. மாணவப் பருவத்தில் அதை நாங்கள் ஒரு வரியாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போனோம். நீச்சல் கற்றுக்கொடுக்கும்படி ஒரு சிறுவனை ஒரு நீச்சற்காரரிடம் ஒப்படைத்து, அவன் மூழ்கி இறந்தால், அவனுக்கான தியத் கடமையாகிவிடும். ஏன்? பிள்ளை மூழ்கியது காவலில் நேர்ந்த குறையைக் காட்டுகிறது என்று உரையாசிரியர்கள் காரணம் தருகிறார்கள். வளர்ந்தவன் ஒருவன் தானே போய்க் கற்றுக்கொள்ளும்போது மூழ்கினால் அச்சட்டம் இல்லை. தன்னைத் தான் காத்துக்கொள்வது அவன் பொறுப்பு. சிறுவனுக்கும் பெரியவனுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது பாருங்கள். “நான் சொல்லிக்கொடுத்தேன், அவன்தான் கவனிக்கவில்லை” என்ற சமாதானம் பெரியவன் விஷயத்தில் செல்லும். பிள்ளை விஷயத்தில் செல்லாது.

இதை எடுத்துச் சொல்வதால், மதரஸாவுக்கு வரும் வழியில் அடிபடும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உஸ்தாத் தியத் கட்ட வேண்டும் என்று நான் ஃபத்வா கொடுப்பதாக யாரும் கிளம்பிவிட வேண்டாம். பிள்ளையை ஒப்புக்கொண்டவர் அதன் பாதுகாப்பையும் ஒப்புக்கொள்கிறார் என்ற நெறியைத்தான் சுட்டுகிறேன். ஐம்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில், ஒரே வாசல் வழியாக, நேரே பேருந்து போகும் சாலையில் திறந்துவிடுகிற மதரஸா நிர்வாகம், அந்த வாசலில் ஓர் ஆளை நிறுத்துவதற்குக் காசு இல்லை என்று சொல்லக்கூடாது. மினாராவுக்கு வண்ண விளக்குப் போடக் காசு இருந்ததல்லவா?

அடுத்தது மிகவும் நுட்பமான இடம். சுற்றிவளைத்துப் பேசினால் பயனில்லை. நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் வாப்பா ஊரில் இல்லை. துபாயில் இருக்கிறார், ரியாதில் இருக்கிறார், கோலாலம்பூரில் இருக்கிறார். அருகில் என்றால் சென்னையில் இருக்கிறார். உம்மா கோஷா. பகலில் தெருவில் இறங்கினால் நாலு பேர் பேசுவார்கள் என்பது குடும்ப வழக்கம். அப்பாவுக்கு முழங்கால் வலி. எனவே பிள்ளை தனியே போகிறது. கடைக்கும் அதுவே போகிறது. வளர்ந்தவர்களின் மானத்தைக் காக்கும் வேலையை ஆறு வயதுக் குழந்தையின் தலையில் வைத்திருக்கிறோம்.

ஹிஜாபைக் குறைகூற நான் வரவில்லை. முப்பதாண்டு மார்க்கக் கல்வி கற்பித்தவன் அப்படிக் கூற மாட்டான் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஆனால் தன் தேவைக்காக உரிய உடையோடு பெண் வெளியே செல்வதற்கு ஷரீஅத்தில் இடம் உண்டு என்பது மதரஸாவின் முதல் வகுப்புப் பாடம். தன் பிள்ளையின் உயிரைவிடப் பெரிய தேவை எது? கல்யாண வீட்டுக்குப் போகலாம். துணிக்கடைக்கு மதுரை வரை, சென்னை வரை போகலாம். தெருமுனையில் மகனைக் கைப்பிடித்துச் சாலை கடத்தி விட மட்டும் கூடாது என்பது எந்தக் கிதாபில் இருக்கிறது? பெண் தன் வீட்டுக்கும் மக்களுக்கும் மேய்ப்பர், அவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவாள் என்று ஹதீஸ் சொல்கிறது. விசாரணை அவளுக்கு உண்டு என்றால், அந்தப் பொறுப்பை நிறைவேற்றும் வழியை அடைக்க நமக்கு என்ன உரிமை? அந்தத் தாய்மாரைக் குறைசொல்ல என் நா எழவில்லை. பேசுகிற அந்த நாலு பேரைத்தான் கேட்கிறேன். அவர்கள் ஆண்கள், கடைத்தெருவில் உட்கார்ந்திருக்கிறார்கள், பிள்ளை கடக்கும் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சாலையில் அமர்ந்தால் சாலைக்குரிய ஹக்கைக் கொடுக்க வேண்டும் என்று நாயகம் (ஸல்) பணித்திருக்கிறார்கள். தொல்லை தருவதை வழியிலிருந்து அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றும் சொன்னார்கள். எழுந்து, பத்தடி நடந்து, ஒரு பிள்ளையைக் கடத்திவிட்டு, திரும்பவும் வந்து அந்தப் பேச்சைத் தொடர்ந்தால் குடிமுழுகிப் போய்விடுமா?

இன்னொரு வழக்கம். “லாத்தா கூட்டிக்கொண்டு போவாள்.” அந்த லாத்தாவுக்கு வயது எட்டு. அவள் கையில் நான்கு வயதுத் தம்பி. எட்டு வயதுப் பெண்ணுக்குத் தன் காலடியைக் கணிக்கவே பக்குவம் போதாது. தம்பி கையை உதறிக்கொண்டு ஓடினால் அவள் என்ன செய்வாள்? பின்னால் ஓடுவாள். ஓடியபின் ஏதாவது நேர்ந்தால், “நீதானே கூட்டிக்கொண்டு போனாய்?” என்ற சொல் அவள் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். ஒரு பிள்ளைக்கு இன்னொரு பிள்ளையைக் காவல் வைப்பதைத் துணை என்று எண்ணாதீர்கள். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தவரைச் சிறு பிள்ளைக்குச் சாலைத்துணையாக அனுப்புவதில்லை என்று ஒவ்வொரு மஹல்லாவும் முடிவெடுக்க வேண்டும்.

பிள்ளைகளை இடிக்கிற வண்டி எங்கிருந்தோ வருகிறது என்று நினைக்கிறோம். நெடுஞ்சாலையில் அப்படி இருக்கலாம். தெருவுக்குள் வருகிற வண்டி நம் வீட்டு வண்டி. வெளிநாட்டில் இருக்கும் வாப்பா அனுப்பிய பணத்தில், மீசை அரும்பாத மகனுக்கு வாங்கிக் கொடுத்த மோட்டார் சைக்கிள். ரமலான் இரவில் தராவீஹ் முடிந்ததும் அந்த இளைஞர்கள் தெருவில் வண்டி விடும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்நேரம் சிறு பிள்ளைகளும் பெருநாள் போலத் தெருவில் ஓடியாடிக்கொண்டிருப்பார்கள். 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் இதை எளிதாக விடவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் இழைத்தால், அவருடைய பாதுகாவலரையோ வண்டியின் உடைமையாளரையோ குற்றவாளியாகக் கருதி, 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்கலாம். வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு ரத்தாகும். நாட்டின் சட்டமும் பொறுப்பைப் பெரியவரிடமே வைக்கிறது. காவல் நிலையத்தில் “பையன் தெரியாமல் செய்துவிட்டான்” என்று பரிந்து பேசப் போகும் ஜமாஅத் பெரியவர்கள், அடிபட்ட பிள்ளையின் வீட்டுக்கும் அதே வேகத்தில் போகிறார்களா என்று பார்த்தால் ஊரின் நியாயம் விளங்கிவிடும்.

என்ன செய்யலாம்? ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் டிரம்சாப்பல் என்று ஏழை மக்கள் வாழும் பகுதி ஒன்று உண்டு. 1990களில் அங்கே ஒரு காரியம் செய்தார்கள். அக்கம்பக்கத்துப் பெற்றோரையே தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டு, ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராக மெய்யான தெருவுக்கே அழைத்துப் போனார்கள். கடப்பதற்கு நல்ல இடம் எது, நின்றிருக்கும் வண்டிகளுக்கு இடையே எப்படிக் கடப்பது, தெருக்கள் சந்திக்கும் இடத்தில் எப்படிக் கடப்பது என்ற மூன்றையும் அங்கே நிறுத்திப் பழக்கினார்கள். வகுப்பில் படம் காட்டிச் சொன்னதைவிட அது பிள்ளைகளிடம் நன்றாகப் பதிந்தது. கவனியுங்கள்: எப்போது, எங்கே கடக்கலாம் என்பதைப் பிள்ளை சொல்லும், பெரியவர் பக்கத்தில் நிற்பார். பேரம் பிள்ளையுடையது, ஒப்பந்தம் வலீயுடையது. இமாம் நவவீ வணிகன் மகனுக்குச் சொன்னதை டிரம்சாப்பல்காரர்கள் தெருவில் செய்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

நமக்கும் அது முடியாததன்று. ஐந்து வயது வரை கையை விடவே கூடாது. விரலைப் பிடித்தால் பிள்ளை உருவிக்கொள்ளும். மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். வண்டி வரும் பக்கம் பெரியவர் நடக்க வேண்டும். நடைபாதை இல்லாத சாலையில் வண்டிகளை எதிர்நோக்கியபடி ஓரமாகப் போக வேண்டும். ஆறு முதல் எட்டு வரை கையோடு கையாகக் கேட்டுப் பழக்க வேண்டும்: “இப்போது போகலாமா? ஏன் கூடாது?” என்று. ஒன்பது, பத்தில் பிள்ளை முன்னே, பெரியவர் இரண்டடி பின்னே. அதற்குப் பிறகும் உள்தெருவுக்கு ஒரு சட்டம், பேருந்துச் சாலைக்கு ஒரு சட்டம், நெடுஞ்சாலைக்கு ஒரு சட்டம். வயதை மட்டும் பார்க்காமல் பிள்ளையையும் பாருங்கள். துடுக்கான பிள்ளைக்குச் சோதனை இன்னும் இரண்டு முறை நீளட்டும். பெரியவர்கள் தாமே கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு குறுக்கே ஓடாமல் இருப்பதும் பாடத்தில் ஒரு பகுதி. பிள்ளை நம் வாயைப் பார்த்துக் கற்பதில்லை, காலைப் பார்த்துக் கற்கிறது.

சாலையையும் விட்டுவிடக் கூடாது. ஹாலந்து நாட்டில் 1971ஆம் ஆண்டு 3,300க்கும் மேற்பட்டோர் சாலையில் இறந்தார்கள். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். மகளை இழந்த செய்தியாளர் ஒருவர் 1972இல் எழுதிய கட்டுரையிலிருந்து, குழந்தைக் கொலையை நிறுத்துங்கள் என்று பெயரிட்ட ஓர் இயக்கமே பிறந்தது. பெற்றோர் தெருவில் இறங்கி வண்டிகளை மறித்தார்கள். 1976இல் குடியிருப்புத் தெருக்களில் வண்டி நடையின் வேகத்துக்கு அடங்கிப் போக வேண்டும் என்பது சட்டமாயிற்று. நம் ஜமாஅத்துகள் கந்தூரிக்கும் கட்டடத் திறப்பு விழாவுக்கும் அமைச்சரை அழைக்கின்றன. அழைத்தவர்கள் அந்த மேடையிலேயே, மதரஸா முன்பு ஒரு வேகத்தடை, ஒரு வரிக்கோட்டுக் கடவை, ஒரு விளக்கு என்று மனுக் கொடுத்ததை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பொன்னாடை போர்த்தியதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத காரியங்களும் உண்டு. தை மாதத்தில் சூரியன் எழ ஆறரை மணியாகிறது. அந்நாட்களில் ஸுப்ஹு முடிந்த கையோடு இருட்டில் பிள்ளைகளை வரச்சொல்லாமல், காலை மக்தபை அரை மணி தள்ளி வைக்கலாம். மதரஸாவுக்குச் சந்துப் பக்கம் வேறு வாசல் இருந்தால் அதைத் திறக்கலாம். வகுப்பு வகுப்பாக ஐந்து நிமிட இடைவெளியில் விடலாம். தெருவுக்கு ஒரு வரிசையாகச் சேர்த்து, வரிசைக்கு ஒரு பெரியவரை முன்னே நடக்கவிடலாம். ஓய்வு பெற்று ஊர் திரும்பிய எத்தனையோ பேர் பகலெல்லாம் பள்ளிவாசல் தூணில் சாய்ந்திருக்கிறார்கள்.

மதரஸா சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பனார் பெயர், தொழில், முகவரி, சந்தாத் தொகை எல்லாம் கேட்கிறோம். அவற்றின் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருக்கட்டும்: பிள்ளையை அழைத்துவந்து அழைத்துப் போகிறவர் யார், அவர் வயது என்ன. அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும் பிள்ளையின் தெருவுக்கு ஜமாஅத்தே ஓர் ஆளைத் தரட்டும். ஷவ்வாலில் புதிய ஆண்டின் சேர்க்கை தொடங்குகிறது. ஏடுகளை அதற்குள் அச்சிட்டுவிடலாம்.